மாயக்கதைகளில் வரும் களவாணிகளை நமக்கு ஏன் இவ்வளவு பிடிக்கிறது?

நீங்கள் கேட்டது இதுதான்: ஃபேன்டசி கதைகளில் திருடன், பொய்யன், கூலிக்குக் கத்தி எடுப்பவன் என்று நம்ப முடியாத ஆட்களாகப் பார்த்து வாசகர்கள் மனதைக் கொடுக்கிறார்களே, என்ன காரணம்? பக்கத்திலேயே நல்ல இளவரசன் ஒருவன் நின்றுகொண்டிருந்தாலும் கண் அவன் மேல் போவதில்லையே?

நாம் செய்ய ஆசைப்பட்டுச் செய்யாமல் விட்டதை அவர்கள் செய்கிறார்கள், அதனால் பிடிக்கிறது என்பதுதான் வழக்கமான பதில். அதில் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதிக்கு நான் என் தாய்மாமாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும்.

நான் பிறந்தது பர்மாவின் மோல்மீனில். இப்போது ரங்கூனில் இருக்கிறேன். மாமாவின் தொழில் தாய்லாந்துச் சாமான். எல்லையில் வாங்கி, மலைப்பாதையில் சுமைகூலிகள் தலையில் ஏற்றி, சோதனைச் சாவடிகளில் பொய் சொல்லியும் லஞ்சம் கொடுத்தும் ஊருக்குள் கொண்டுவருவார். துணி, டார்ச் பேட்டரி, சோப்பு, மாத்திரை என்று எல்லாம் வரும். அந்தக் காலத்தில் கடையில் கிடைக்காதது எல்லாமே அப்படித்தான் வந்தது. பொய் சொல்லும்போது மாமாவின் முகம் கோயில் குருக்கள் முகம் மாதிரி ஆகிவிடும். அதை நானே பார்த்திருக்கிறேன்.

1987 செப்டம்பர் 5ஆம் தேதி 25, 35, 75 கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு வந்தது. மாற்றிக்கொள்ள வழி எதுவும் தரப்படவில்லை. எனக்கு அப்போது எட்டு வயது. பெரியவர்கள் வாசல் திண்ணையில் பேசாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அடுத்த வாரமே பிஸ்கட் டின்னில் இருந்த நோட்டுகள் எங்கள் கைக்கு வந்தன. கடை விளையாட்டுக்கு அசல் பணம்! ஒரு புளியங்கொட்டைக்கு 75 கியாட் கொடுத்தோம்.

அதற்குப் பத்து நாள் முன்பு எதிர்வீட்டு அப்வா, அதாவது பர்மியப் பாட்டி, பேரனுடைய ஷின்பியூ சடங்குக்கு, அதாவது சிறுவனைப் பௌத்த மடத்தில் துறவியாக்கும் சடங்குக்கு, பட்டுத்துணி வாங்கித் தரச் சொல்லி மாமாவிடம் 1,200 கியாட் கொடுத்திருந்தாள். பதினாறு 75 கியாட் நோட்டுகள். மாமா இன்னும் துணி வாங்கவில்லை. அந்தப் பதினாறு நோட்டும் அவர் கையிலேயே செத்துப்போயின. 'நீ கொடுத்தது இதுதான்' என்று திருப்பிக் கொடுத்திருந்தால் அப்வாவால் ஒரு வார்த்தை பேச முடியாது. தெருவில் எல்லோரும் அன்றைக்கு அதைத்தான் செய்துகொண்டிருந்தார்கள். மாமா தன் சைக்கிளை விற்று, எல்லைக்குப் போய், துணியோடு வந்தார். வரும் வழியில் இரண்டு சாவடிகளில் வாய் கூசாமல் பொய் சொல்லியிருப்பார், சந்தேகமே இல்லை.

எங்கள் வீட்டில் அவரைவிட யோக்கியமானவர்கள் பலர் உண்டு. ஆனால் குழந்தைகள் நாங்கள் கதை கேட்கப் போனது அவரிடம்தான்.

இதை மனதில் வைத்துக்கொண்டு ஃபேன்டசிக்கு வருகிறேன். ரங்கூன் பன்சோடான் தெரு நடைபாதைக் கடைகளில் பழைய ஆங்கிலப் புத்தகங்கள் வாங்கித்தான் இந்தக் கதைகள் எனக்குப் பழக்கம். டோல்கீனின் 'தி ஹாபிட்' முதலில் வந்தது 1937இல். அதில் கதாநாயகன் பில்போவை வேலைக்கு எடுப்பதே திருடனாகத்தான். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அந்த முதல் பதிப்பில் பில்போ மோதிரத்தை அடைந்ததில் ஒரு கறையும் கிடையாது. குகைக்குள் கால்லம் என்ற பிராணியோடு விடுகதைப் போட்டி நடக்கிறது. ஜெயித்தால் பரிசு தருவதாகக் கால்லமே சொல்கிறது. தேடிப் பார்த்துவிட்டு, பரிசைக் காணோமே என்று வருந்தி மன்னிப்புக் கேட்கிறது. வெளியே போகும் வழியையும் காட்டிவிடுகிறது. பரிசாகத் தருவதாக இருந்த அந்த மோதிரம் ஏற்கெனவே பில்போவின் பையில் கிடக்கிறது, அவ்வளவுதான்.

பிறகு அடுத்த பெரிய கதையான 'தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' எழுதும்போது அந்த மோதிரம் கொடியது என்று ஆகிவிட்டது. கால்லம் அதை மனமுவந்து கொடுக்க வாய்ப்பே இல்லை. அதனால் 1951இல் வந்த இரண்டாம் பதிப்பில் டோல்கீன் அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதினார். பழைய கதையை என்ன செய்வது? அது பில்போ சொன்ன பொய் என்று ஆக்கினார். மோதிரம் தனக்கே உரியது என்று காட்டுவதற்காக அவன் கட்டிய கதையாம் அது. அதாவது 14 வருஷம் யோக்கியனாக இருந்த ஒருவன் 1951இல் பொய்யன் ஆனான்.

இன்னொன்றும் அதே திருத்தத்தில்தான் உள்ளே வந்தது. வெளியே போகும் வழியை மறித்துக்கொண்டு கால்லம் குந்தியிருக்கிறது. பில்போ மோதிரத்தை மாட்டியிருப்பதால் கண்ணுக்குத் தெரியமாட்டான். கையில் வாள் இருக்கிறது. ஒரு குத்து போதும். அந்த இருட்டில் கால்லத்தின் வாழ்க்கை எப்படிப்பட்டது என்று ஒரு கணம் அவன் மனதில் ஓடுகிறது. குத்தாமல், அதன் தலைக்கு மேலே தாவிக் குதித்து ஓடிவிடுகிறான். முதல் பதிப்பில் அந்தத் தாவல் இல்லை, தேவையும் இல்லை. அங்கே பரிதாபப்பட ஒன்றும் இருக்கவில்லை. பொய்யும் கருணையும் ஒரே திருத்தத்தில் அவனுக்குள் போயின. அடுத்த பெரிய கதையின் முடிவே அந்தத் தாவலில்தான் தொங்குகிறது.

என் பதில் இங்கேதான் இருக்கிறது. களவாணியின் களவு நம்மைக் கதைக்குள் இழுக்கிறது, சரி. ஆனால் நாம் அங்கேயே தங்குவது, எல்லாம் செய்யத் துணிந்த அந்த ஆள் ஓரிடத்தில் 'இது மட்டும் மாட்டேன்' என்கிறானே, அதற்காகத்தான். நல்லவன் மாட்டேன் என்றால் அவன் சுபாவம் அப்படி என்று கடந்துபோகிறோம். களவாணி சொன்னால், யாரும் அவனைக் கேட்கவில்லையே, பார்க்கவும் இல்லையே, ஏன் சொன்னான் என்று ராத்திரி முழுக்க யோசிக்கிறோம். அந்த ஓர் இடத்துக்காகத்தான் முந்நூறு பக்கம் அவனோடு நடக்கிறோம்.

இது சரியா என்று பார்க்க நம்மிடமே நல்ல உரைகல் இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் பொற்கொல்லன். கொலைக்களக் காதையில் அவன் களவுத் தொழிலைப் பற்றிப் பேசும் இடத்தைப் படித்திருக்கிறீர்களா? கள்வனுக்குத் துணை எட்டு என்கிறான்: 'மந்திரம் தெய்வம் மருந்தே நிமித்தம் தந்திரம் இடனே காலம் கருவி'. எந்த ஃபேன்டசி நாவலின் திருடர் சங்கத்திலும் பாடமாக வைக்கலாம். மருந்தால் மயக்குவது, மந்திரத்தால் மறைவது என்று ஒவ்வொன்றாக விரித்து, எவ்வளவு ருசித்துப் பேசுகிறான்! நாம் செய்யத் துணியாததைச் செய்பவன் என்பதே ஈர்ப்புக்குக் காரணம் என்றால் அவன் நமக்குப் பிடித்த ஆளாக இருக்க வேண்டும். ஆயிரம் வருஷத்துக்கு மேலாக ஒருத்தருக்கும் அவனைப் பிடிக்கவில்லை. ராணியின் சிலம்பை எடுத்தவன் அவனே, சாகப்போகிறவன் கோவலன் என்று தெரிந்தே அந்தப் பிரசங்கத்தைச் செய்கிறான். அவனுக்கு 'மாட்டேன்' என்ற இடம் எங்குமே இல்லை.

அதே கதையில் பாண்டியனைப் பாருங்கள். 'கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று' என்று சட்டம் பேசிய வாய், சிலம்பு உடைந்து மணி தெறித்ததும் 'யானோ அரசன் யானே கள்வன்' என்கிறது. செங்கோலோடு இருந்தவரை யாரோ ஓர் அரசன். தன்னைக் கள்வன் என்று சொன்ன அந்தக் கணத்தில்தான் நமக்கு நெருங்கியவன் ஆகிறான். அரசனுக்கும் கள்வனுக்கும் நடுவே உள்ள கோடு எப்போது வேண்டுமானாலும் நகரும் என்பதை 1987இல் எட்டு வயதில் பார்த்த எனக்கு அந்த வரியை நின்று படிக்காமல் இருக்க முடிவதில்லை. மாயக்கதை ராஜ்யங்களிலும் பெரும்பாலும் அப்படித்தானே? வரி பிடுங்கும் பிரபு ஒருவன் இருப்பான், அவன் வீட்டில்தான் நம் ஆள் கன்னம் வைப்பான்.

வாசகருக்கு இந்தப் பசி புதிதில்லை. ஃப்ரிட்ஸ் லைபர் 1939இலேயே ஒரு குள்ளத் திருடனையும் ஒரு நெட்டை முரடனையும் ஜோடி சேர்த்துக் கதை எழுதத் தொடங்கிவிட்டார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டு 1974இல் வந்தபோது ஆடுகிறவர் ஏற்கும் பாத்திரம் வீரன், மந்திரவாதி, பூசாரி என்று மூன்றே வகை. அடுத்த வருஷமே திருடனைச் சேர்த்தாயிற்று.

இந்த மண்ணிலும் அப்படித்தான். மாந்தலேக்கு வடக்கே தௌங்பியோன் என்ற ஊர் இருக்கிறது. நத் எனப்படும் பர்மிய நாட்டார் தெய்வங்களான இரு சகோதரர்களுக்கு ஆகஸ்ட் மாத வாக்கில் பெரிய திருவிழா நடக்கும். அனோரதா மன்னர் அங்கே பகோடா என்னும் புத்த கோபுரம் கட்டியபோது ஆளுக்கொரு செங்கல் வைக்க வேண்டும் என்பது கட்டளை. இந்த இரண்டு பேரும் விளையாட்டுப் புத்தியில் வைக்காமல் விட்டார்கள், அதற்காகக் கொல்லப்பட்டார்கள் என்பது கதை. அந்த இரண்டு செங்கல் இல்லாத வெற்றிடத்தை இன்றைக்கும் காட்டுகிறார்கள். கட்டளைப்படி செங்கல் வைத்தவர்களின் பெயர் ஒன்றுகூட யாருக்கும் தெரியாது. வைக்காத இருவருக்குத்தான் கூட்டம். நம் முனீஸ்வரனுக்குச் சுருட்டும் சாராயமும் படைத்துப் பழகிய தமிழர்களுக்கு நத் கும்பிடுவது அந்நியமாக இருக்கவில்லை.

எல்லாக் களவாணியையும் நான் ஏற்றுக்கொள்வதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜோ அபர்கிராம்பி 2006இல் தொடங்கிய கதைவரிசையில் க்ளாக்டா என்று ஒருவன் வருகிறான். ஒரு காலத்தில் புகழ்பெற்ற வாள்வீரன், எதிரியின் சிறையில் சித்திரவதைப்பட்டு உடம்பு நொறுங்கித் திரும்பியவன். இப்போது அவனே சித்திரவதை செய்கிறவன். படிக்கட்டைப் பார்த்தாலே அவனுக்கு வெறுப்பு. ஒவ்வொரு படியிலும் அவன் காலில் ஏறும் வலியை எழுத்தாளர் நம் காலில் ஏற்றிவிடுகிறார். ஒருவன் மண்டைக்குள் உட்கார்ந்து பார்த்தால் யாராக இருந்தாலும் பாசம் ஒட்டிக்கொள்ளும், அதுவும் எழுத்தின் சக்திதான். ஆனால் அவன் விசாரணை அறைக்குப் போகும் பக்கங்களில் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். சிறை, விசாரணை என்பவை இங்கே கதையில் மட்டும் வரும் சொற்கள் இல்லை. ஊருக்கு ஊர் வாசகர் நிற்கும் இடம் மாறும். அது தவறில்லை என்றே நினைக்கிறேன்.

இன்னொன்று. 2010இல் என் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்து ஒரு ராத்திரி முழுக்க இழுத்தது. பக்கத்துக் கட்டில் பெண்ணின் அம்மா, பர்மியர், எங்களை முன்பின் தெரியாதவர். தன் மகளுக்காகப் பரித்தம் என்ற பௌத்தக் காப்பு மந்திரம் ஓதிக்கொண்டிருந்தவர் எழுந்துவந்து என் மனைவியின் மணிக்கட்டிலும் வெள்ளை நூல் கட்டி, பிளாஸ்டிக் பாட்டிலில் இருந்த ஓதிய தண்ணீரை வாயில் விட்டார். அது அங்குலிமாலர் பரித்தம். கொன்றவர்களின் விரலைக் கோத்து மாலையாகப் போட்டுக்கொண்ட கொள்ளைக்காரன், பிறகு பிக்கு ஆனவர். பர்மாவில் பிரசவத்துக்கு ஓதுவது அவருடைய சொல்லைத்தான்.

அந்தச் சொல் பிறந்த கதையைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். பிச்சைக்குப் போன அங்குலிமாலர் பிரசவத்தில் துடிக்கும் பெண்ணைப் பார்த்துவிட்டுப் புத்தரிடம் வந்து சொல்கிறார். 'நான் பிறந்தது முதல் தெரிந்து எந்த உயிரையும் கொன்றதில்லை, இந்தச் சத்தியத்தால் உனக்கும் குழந்தைக்கும் நலமாகட்டும் என்று போய்ச் சொல்' என்கிறார் புத்தர். அங்குலிமாலர் மறுக்கிறார். அது தெரிந்தே சொல்லும் பொய் ஆகுமே, நான் பல பேரைக் கொன்றிருக்கிறேனே என்கிறார். சரி, 'ஆரியப் பிறவி எடுத்தது முதல்', அதாவது துறவியாகிப் புதிதாய்ப் பிறந்தது முதல், என்று சொல், என்று புத்தர் மாற்றிக் கொடுக்கிறார். அதைச் சொன்னதும் தாய்க்கும் சேய்க்கும் நலமாகிறது.

அத்தனை கொலை செய்த வாய், சொல்லச் சொன்னவர் புத்தராகவே இருந்தும், ஒரு பொய்க்கு மறுத்தது. பில்போவின் தாவலைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வெள்ளை நூல் ஞாபகம் வருகிறது. விடியும் நேரத்தில் மகள் பிறந்தாள். இப்போது அவளும் இந்தக் கதைகளைப் படிக்கிறாள். அவளுக்கும் திருடர்களைத்தான் பிடிக்கிறது.

மாமா இறந்த பிறகு அந்தப் பிஸ்கட் டின் என்னிடம் வந்தது. கடை விளையாட்டில் கசங்கின நோட்டுகள் எல்லாம் கலைந்து கிடந்தன. அடியில் ஒரு கட்டு மட்டும் தனியாக, ரப்பர் பேண்ட் இறுகி நோட்டோடு ஒட்டிப்போய் இருந்தது. எண்ணிப் பார்த்தேன். எல்லாம் 75 கியாட், பதினாறு. சின்ன வயதில் எங்களை அவர் தொடவிடாத கட்டு அதுதான்.