விடுப்பு எடுத்தால் மனம் உறுத்துகிறதே!

கேள்வி: கம்பத்திலிருந்து தினமும் மலையேறி, குமுளியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கு எழுதி வருகிறேன். ஞாயிற்றுக்கிழமையும் மனம் கணக்கிலேயே நிற்கிறது. ஒரு நாள் விடுப்பு எடுத்தாலும் குற்றம் செய்தது போல் உறுத்துகிறது. என்ன செய்வது?

வாசகி, கம்பம்

பதில்: சகோதரி, அந்த உறுத்தல் உங்கள் பொறுப்புணர்வைக் காட்டுகிறதே தவிர, நீங்கள் தவறு செய்வதைக் காட்டவில்லை. அவசரம் என்று மூளை எண்ணும்போதெல்லாம் அட்ரினலின், கார்டிசோல் என்ற ஹார்மோன்கள் சுரந்து, இதயத் துடிப்பையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்துகின்றன. அவசரம் தீர்ந்ததும் தணிய வேண்டிய அந்த நிலை, ஓய்வே இல்லாதபோது நீடித்துத் தூக்கத்தையும் செரிமானத்தையும் கெடுத்துவிடுகிறது.

நீண்ட விடுமுறைக்காகக் காத்திருக்க வேண்டாம். கொண்டை ஊசி வளைவுகளில் பேருந்து ஊர்ந்து ஏறும்போது கைபேசியைப் பைக்குள் வைத்துவிட்டு, ஐந்து விநாடி மூச்சை இழுத்து, ஐந்து விநாடியில் மெல்ல விடுங்கள்; நிமிடத்துக்கு 6 மூச்சு என்ற அந்த நிதானம், மூளையிலிருந்து இதயத்துக்குச் செல்லும் வேகஸ் நரம்பின் வழியாக இதயத்தை அமைதிப்படுத்த உதவும். மாலையில் கிளம்புமுன் மறுநாள் வேலைகளைத் தாளில் எழுதி, கடை மேசையிலேயே விட்டுவிட்டு வாருங்கள். இந்தச் சிறு பழக்கத்தை நான் பெரிதும் நம்புகிறேன். மாதம் ஒரு நாளாவது முதலாளியிடம் முன்கூட்டியே சொல்லி விடுப்பு எடுங்கள். அன்று சுருளி அருவிக்குப் போகலாம், எங்கும் போகாமல் திண்ணையில் உட்கார்ந்தும் இருக்கலாம்.

வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற அரசின் ‘டெலி மனஸ்’ மனநல உதவி எண்ணில் இலவசமாகத் தமிழிலேயே பேசலாம்.