மொட்டை மரங்களும் நஞ்சும்: ஒரு கடிதம்

வணக்கம் ஐயா,

பிப்ரவரி கடைசியில் குடும்பத்தோடு ஜவ்வாது மலைக்குப் போயிருந்தோம். ஜமுனாமரத்தூரிலிருந்து பீமன் அருவிக்குப் போகும் வழியெல்லாம் மொட்டை மரங்கள். நீங்கள் அடிக்கடி எழுதும் இலையுதிர் காடு இதுதானா என்று ஏமாற்றமாகிவிட்டது. கூட வந்த நண்பருக்குச் செடி கொடிகளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும். அவர் காட்டியதில் பாதி விஷம்: எட்டி, சேங்கொட்டை, ஒடுவன், குன்றிமணி. என் பத்து வயது மகள் கை நிறைய குன்றிமணி பொறுக்கி வைத்திருந்தாள். பயந்துபோய் எல்லாவற்றையும் பிடுங்கி எறிந்துவிட்டேன், அவள் வீடு வரும்வரை பேசவில்லை. இவ்வளவு வறண்ட, வகை குறைந்த காட்டில் விஷத்துக்கு மட்டும் ஏன் பஞ்சமில்லை?

இன்னொன்று. உடம்பு சுத்தமாகும் என்று என் மாமியார் சில மாதங்களாக ஆடுதின்னாப்பாளைப் பொடியை வெந்நீரில் கலந்து குடிக்கிறார். அதுவும் விஷச் செடிதானா?

ஒரு வாசகி, வேலூர்

அன்புள்ள வாசகிக்கு,

பிப்ரவரியில் ஜவ்வாதைப் பார்த்துவிட்டு வகை குறைவு என்பது, கடை அடைத்திருக்கும் நேரத்தில் போய்ச் சரக்கில்லை என்று திரும்புவது மாதிரி. மர வகை குறைவு என்பது என்னவோ உண்மைதான். முதுமலையில் 1988-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தினர் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, ஒரு சென்டிமீட்டர் பருமனுக்குக் குறையாத மரம், புதர் எல்லாவற்றுக்கும் எண் போட்டுக் கணக்கெடுக்கத் தொடங்கினார்கள். அங்கே இருப்பவை சுமார் 70 வகை. பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அதே 50 ஹெக்டேர் மழைக்காட்டில் சுமார் 300.

ஆனால் இந்தக் கணக்கு ஒரு சென்டிமீட்டரில் தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். மரங்கள் இலை உதிர்ப்பதால் வருடத்தில் பல மாதம் தரைக்கு வெயில் கிடைக்கிறது. அந்த வெயிலை நம்பி வாழும் புல், பூண்டு, கிழங்கு, மெல்லிய கொடி எதுவும் அந்தக் கணக்கில் வராது. செங்காந்தளும் காட்டு வள்ளியும் நீங்கள் நடந்த பாதைக்கு அடியில்தான் உறங்கிக்கொண்டிருந்திருக்கும். ஆகஸ்டிலோ அக்டோபரிலோ ஒருமுறை போய்ப் பாருங்கள்.

சரி, விஷத்துக்கு வருவோம். நண்பர் காட்டிய நான்கில் குன்றிமணிக்கும் எட்டிக்கும் நஞ்சு முக்கியமாக எங்கே இருக்கிறது? விதையில். சேங்கொட்டைக்குக் கொட்டையின் ஓட்டில். செங்காந்தளுக்குக் கிழங்கிலும் விதையிலும். இந்தக் காட்டு மரத்தின் இலை சில மாதம் இருந்துவிட்டு உதிரப்போவது, அதைக் காக்கப் பெரிய செலவு கட்டுப்படியாகாது. விதையும் கிழங்கும் அப்படியில்லை. அவை நீண்ட கோடையை, அடிக்கடி வரும் காட்டுத்தீயை, பசியோடு மண்ணைக் கிளறும் பன்றியைத் தாண்டி அடுத்த மழை வரை பிழைத்திருக்க வேண்டிய சேமிப்பு. பூட்டு அங்கேதான் அதிகம் என்பது என் கணிப்பு.

அப்படியானால் இலைக்குக் காவல்? பல மரங்களுக்குக் காலம்தான் காவல். காடே காய்ந்து கிடக்கும்போது, மழைக்கு முன்னாலேயே அவை துளிர்த்துவிடும். பூச்சிகள் பெருகுவது மழைக்கு அப்புறம், அதற்குள் இலை முற்றிவிடும். முதுமலையில் முரளியும் சுகுமாரும் செய்து 1993-ல் வெளியிட்ட ஆய்வில் இதைக் காட்டியிருக்கிறார்கள். முந்தித் துளிர்த்த மரங்களுக்குப் பூச்சிக்கடி குறைவு, மழை வந்த பிறகு துளிர்த்தவற்றுக்குச் சேதம் அதிகம். நீங்கள் பார்த்த மொட்டை மரங்களில் பல அந்த வேலைக்குத்தான் தயாராகிக்கொண்டிருந்தன.

ஒடுவன் என் கணிப்புக்குள் அடங்காது. அதற்கு இலையே நஞ்சு, ஆடு மாடு அண்டுவதில்லை. உள்ளே போனால் உடலில் பொட்டாசியம் சரிந்து இதயத் துடிப்பு தாறுமாறாகும், முறிமருந்து கிடையாது. வேலூர், புதுச்சேரி மருத்துவர்களுக்கு நன்கு பழகிய பெயர் இது.

இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே மாதிரி பூட்டிய கதவு என்று எதுவும் இல்லை. எட்டியைப் பாருங்கள். பழம் ஆரஞ்சு நிறத்தில் உருண்டையாக, பார்க்கவே எடுத்துத் தின்னத் தோன்றும். கெட்டியான தோலை உடைத்தால் கொழகொழவென்ற சதை, அதற்குள் தட்டையான வட்ட விதைகள், மேலே மினுமினுக்கும் சாம்பல் ரோமம். விதையில் இருக்கும் ஸ்ட்ரிக்னின், தசை இழுத்தால் தளராதபடி செய்துவிடும், கடைசியில் மூச்சு நின்றுபோகும். அதே பழத்தை இருவாச்சிப் பறவை தின்கிறது. சதை அதற்கு, விதை காட்டுக்கு. எட்டியின் நெருங்கிய உறவுதான் தேற்றா மரம். இரண்டும் ஒரே பேரினம், இரண்டும் இதே காடு. தேற்றாங்கொட்டையைத்தான் நம் பாட்டிமார் பானையின் உட்புறம் உரைத்துக் கலங்கிய நீரைத் தெளிய வைத்தார்கள். பூங்காவில் 'விஷச் செடிகள்' என்று பலகை வைப்பவர்கள் இந்த மாதிரி உறவுகளைப் பார்ப்பதே இல்லை, அதனால்தான் அந்தப் பலகைகள் மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது.

மகளின் குன்றிமணியை எறிந்திருக்க வேண்டாம் என்று நினைக்கிறேன். அதிலுள்ள அப்ரின் மிகக் கொடிய நஞ்சு, உடலின் செல்கள் புரதம் செய்வதையே நிறுத்திவிடும். ஆனால் விதையின் தோல் மிகக் கெட்டி. முழு விதையைக் கையில் வைத்திருப்பதால் ஒன்றும் ஆகாது. தட்டான்கள் காலங்காலமாகப் பொன் நிறுத்ததும், சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்கு நாம் கண் பதிப்பதும் அதைக் கொண்டுதான். தெரியாமல் முழுசாக விழுங்கியவர்களுக்கும் பெரும்பாலும் அப்படியே வெளியே வந்துவிடும். ஆபத்து, கடித்தாலோ உடைத்தாலோ மாலை கோக்கத் துளையிட்டாலோதான். பத்து வயதுப் பெண்ணுக்கு இதைச் சொன்னால் புரியும். வாயில் எதையும் போட்டுப் பார்க்கும் வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் மட்டும் வைக்க வேண்டாம். யாராவது மென்றுவிட்டதாகச் சந்தேகம் வந்தால் வாந்தி வரட்டும், பார்க்கலாம் என்று காத்திருக்காமல் மிச்ச விதையையும் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அறிகுறி தெரியப் பல மணி நேரம் ஆகலாம்.

நண்பர் சேங்கொட்டையைக் காட்டிவிட்டு நகர்ந்திருப்பார். மாமரத்துக்கும் முந்திரிக்கும் சொந்தமான மரம் அது. வண்ணான் துணிக்குக் குறி போட்ட அதன் கறுப்புச் சாறு பட்டால் சிலருக்குத் தோல் கொப்பளித்துவிடும், அந்த விறகின் புகையும் ஆகாது. காட்டில் தொடவே வேண்டாம் என்று நான் பயமுறுத்துவதானால் இதைச் சொல்லித்தான் பயமுறுத்துவேன். குன்றிமணியை அல்ல.

உங்கள் கடிதத்திலேயே எனக்குக் கவலை தந்தது கடைசிக் கேள்விதான். ஆடுதின்னாப்பாளையிலும் அதன் இனமான ஈஸ்வரமூலியிலும் அரிஸ்டோலோகிக் அமிலம் இருக்கிறது. 'அழகி' என்ற வகையைச் சேர்ந்த சில வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் இந்த இலைகளைத் தின்றே வளர்கின்றன. நஞ்சை உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அவற்றைச் சீண்டுவதில்லை. புழு தாங்குவதை மனித சிறுநீரகம் தாங்காது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பல பெண்களின் சிறுநீரகம் பழுதானது. மாத்திரையில் தவறுதலாகக் கலந்திருந்தது இந்தப் பேரினத்துச் செடி ஒன்று. பின்னால் அவர்களில் பலருக்குச் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. இது ஒடுவன் மாதிரி உடனே காட்டிக்கொடுக்காது. வலி இருக்காது, காய்ச்சல் இருக்காது, கொஞ்சம் சோர்வு தெரியலாம், அவ்வளவுதான். நாட்டு மருந்துக் கடையில் தடையின்றிக் கிடைப்பதால் யாரும் சந்தேகப்படுவதும் இல்லை.

பொடியை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். இந்த வாரமே மாமியாரைக் கூட்டிப்போய் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனையும் சிறுநீர்ப் பரிசோதனையும் பாருங்கள். எத்தனை மாதம், எவ்வளவு குடித்தார் என்பதை மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். பொட்டலத்தையும் கையோடு கொண்டுபோங்கள்.

அன்புடன்.