அடியில் துரு இருக்கும்போது கோட்டிங் அடிக்கலாமா?

முட்டத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். ஐந்து வருடக் கார், கடற்கரைப் பக்கம் வெளியில்தான் நிற்கிறதாம். போன வாரம் பேச்சிப்பாறை அருகே ரப்பர் தோட்டத்து மண்பாதையில் அடிப்பாகம் கல்லில் இடித்துவிட்டது. ஒர்க்‌ஷாப்பில், "அடியெல்லாம் துரு, உடனே கோட்டிங் அடிச்சிடுங்க" என்கிறார்களாம். அடிக்கலாமா?

முதலில் கல் இடித்ததைப் பார்ப்போம், துரு ஒரு மாதம் கூடப் பொறுக்கும். ராத்திரி வண்டிக்கு அடியில் அட்டை விரித்து வையுங்கள். காலையில் அதில் எண்ணெய்ச் சொட்டு இருந்தால் ஆயில் சம்ப்பில் (இன்ஜினுக்கு அடியில் எண்ணெய் தங்கும் தொட்டி) விரிசல் இருக்கலாம், வண்டியை எடுக்கவே வேண்டாம். ஓட்டும்போது சிவப்பு ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே இன்ஜினை நிறுத்திவிடுங்கள், வீடு பக்கம்தானே என்று ஓட்டினால் இன்ஜின் ஜாமாகும், எண்ணெய் ஒழுகுவது தெரிந்தும் ஓட்டியதால் வந்த சேதம் என்று இன்சூரன்சிலும் கைவிரிக்க வாய்ப்பு அதிகம். பிரேக் குழாய், டீசல் அல்லது பெட்ரோல் குழாய் நசுங்கியிருக்கிறதா என்றும் லிஃப்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். வீட்டு ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்காதீர்கள்.

அடுத்தது துரு. நம் ஊரில் கடல் காற்று போதாதென்று, மீன் வண்டிகளிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீரும் ரோட்டில் கிடக்கிறது. ஒரு ஸ்குரூடிரைவரால் துருவைக் குத்திப் பாருங்கள். மேல்பொடி மட்டும் உதிர்ந்தால் பயமில்லை: கம்பி பிரஷால் தேய்த்து, துரு மாற்றியும் (மிச்சத் துருவைப் பரவாத படலமாக மாற்றும் திரவம்) பிரைமரும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு கோட்டிங் போடலாம். முனை உள்ளே இறங்கினால் தகடு போய்விட்டது என்று அர்த்தம், அதற்கு வெல்டிங்தான். இந்த வேலை எதுவும் செய்யாமல் துருவின் மேலேயே கருப்பாக அடித்துத் தருவதுதான் மோசம், ஈரம் உள்ளே சிக்கி தகடு கண்ணுக்குத் தெரியாமல் அரித்துக்கொண்டே போகும். அடிக்கும்போது சைலன்சர், பிரேக், தண்ணீர் வடியும் ஓட்டைகள் எல்லாவற்றையும் மறைத்துத்தான் அடிக்க வேண்டும். ஓட்டை அடைபட்டால் கதவுக்குள் தண்ணீர் நிற்கும்.

ரப்பர் கோட்டிங் கல்லடிக்குத் தாங்கும், ஆனால் வெடித்தால் அதன் அடியில் ஈரம் புகும். மெழுகு வகை சீக்கிரம் தேய்ந்துவிடும், மறுபடி அடிப்பது சுலபம். கடலோரத்துக்கு நான் மெழுகையே சொல்வேன். நமக்கு இரண்டு மழையும் உண்டு என்பதால் பிப்ரவரி, மார்ச் மாதம் பார்த்துச் செய்யுங்கள்.

மாதம் ஒருமுறை அடிப்பாகத்தை நல்ல தண்ணீரில் கழுவினாலே பாதி வேலை முடிந்துவிடும். கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதில் கழுவிப் பயனில்லை.

அப்புறம், தோட்டத்துப் பாதையில் நடுவில் கல் நின்றால், ஒரு சக்கரத்தை அதன் மேல் ஏற்றியே மெதுவாகக் கடங்கள். அது உயரமாகத் தெரிந்தால் இறங்கி நகர்த்திவிடுங்கள். வேகத்தடையில் முன்னாலேயே வேகத்தைக் குறைத்து, ஏறும்போது பிரேக்கை விட்டுவிடுங்கள், அழுத்தியபடி ஏறினால் முன்பக்கம் தாழ்ந்து இடிக்கும்.