வான் டென் புடன்மேயர் இசைத்தட்டு கிடைக்காததற்குக் காரணம்

‘வெரோனிக்கின் இரட்டை வாழ்க்கை’ படத்தில் பேசப்படும் டச்சு இசையமைப்பாளர் வான் டென் புடன்மேயரின் இசைத்தட்டு எங்கு தேடியும் கிடைக்கவில்லை என்று கேட்டிருந்தீர்கள். கிடைக்காது, அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை! இயக்குநர் கீஸ்லோவ்ஸ்கியும் இசையமைப்பாளர் பிரெய்ஸ்னரும் சேர்ந்து உருவாக்கிய கற்பனை மனிதர் அவர். இசை முழுக்க பிரெய்ஸ்னருடையது. அவர் பெயரைப் போட்டு, 1991 படத்தின் இசைத்தொகுப்பைத் தேடுங்கள். படத்தில் அந்த இசையைப் பாடும் பெண் குரல் எல்ஷ்பியெத்தா தோவார்னிட்ஸ்காவினுடையது. பாடும் வரிகள் இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் ‘பாரதீசோ’ (சொர்க்கம்) என்ற காவியப் பகுதியிலிருந்து எடுத்தவை. பாடகியின் குரல் உச்சத்துக்குப் போகும் இடத்தில் எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கும்.

அப்புறம், அதே இருவரின் கூட்டணியில் 1993இல் வந்த ‘நீலம்’ படத்தை அவசியம் பாருங்கள். இறந்துபோன ஓர் இசையமைப்பாளர் முடிக்காமல் விட்ட படைப்புதான் அதில் கதையே. நடுநடுவே திரை இருண்டு இசை மட்டும் வெடிக்கும். ஹெட்ஃபோன் போட்டுக் கேளுங்கள். புடன்மேயர் அதிலும் வருகிறார்.