வாசகர் கேள்வி: லீட்டன் நம் மேலூரைப் போலத்தானா?

கேள்வி: என் மருமகனுக்கு ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில், லீட்டன் என்னும் சிற்றூரின் அரிசி ஆலையில் வேலை கிடைத்திருக்கிறது. வாய்க்காலும் வயலுமாக நம் மேலூரைப் போலவே இருக்கும் என்கிறார். மகளோ சிட்னியில்தான் இருப்பேன் என்கிறாள். யார் சொல்வது சரி?
– ஒரு வாசகி, மேலூர்.

பதில்: தண்ணீரைப் பொறுத்தவரை மருமகன் சொல்வது அவர் நினைப்பதைவிடவும் சரி. மேற்கே கடலுக்குப் போன பெரியாற்றை மறித்து, மலையைக் குடைந்து, 1895-இல் வைகைப் பக்கம் திருப்பியதால்தான் கள்ளந்திரிக்குக் கீழே உங்கள் ஒருபோக நிலங்கள் விளைகின்றன. அங்கும் அதே கதைதான், திசை மட்டும் வேறு. தென்கிழக்கே கடலில் கலந்துகொண்டிருந்த ஸ்னோயி ஆற்று நீரை, 1949 முதல் 1974 வரை கட்டிய அணைகளாலும் சுரங்கங்களாலும் மலைக்கு மேற்கே திருப்பி, முர்ரே ஆற்றிலும், லீட்டன் வயல்களுக்குப் பாயும் முரம்பிட்ஜி ஆற்றிலும் சேர்த்தார்கள். லீட்டனே பாசனத்துக்காக உருவாக்கப்பட்ட ஊர். கான்பெரா நகரைத் திட்டமிட்ட வால்டர் பர்லி கிரிஃபின்தான் இதற்கும் வரைபடம் போட்டார்.

ஆனால் வயல் இருக்குமே தவிர, வயலில் ஆள் இருக்கமாட்டார்கள். நடவும் இல்லை, களையெடுப்பும் இல்லை. அக்டோபர் வாக்கில் விமானத்திலிருந்தோ இயந்திரத்தாலோ விதைத்து, மார்ச்சுக்கு மேல் இயந்திரத்தால் அறுத்துவிடுவார்கள். ஊரும் சுற்றுவட்டாரமும் சேர்ந்தே ஏறத்தாழ 11,000 பேர்தான். சிட்னி சுமார் 550 கி.மீ., அதாவது மதுரையிலிருந்து சென்னையைவிடத் தொலைவு; முருகன் கோயிலும் அங்கே உண்டு. நம்மூர் மளிகைக்கு, பஞ்சாபியர் பலர் வாழும் கிரிஃபித் 60 கி.மீ.யில் இருக்கிறது. (அரிசி ஊரிலேயே இருந்துகொண்டு பொன்னியைத் தேடி அலையவேண்டிய வேடிக்கையும் உண்டு, அங்கே பெரும்பாலும் விளைவது, வெந்தால் சற்று ஒட்டும் நடுத்தர நீள அரிசி.)

அந்த வட்டாரத்தில் என் தங்கை வீட்டில் சில மாதங்கள் தங்கியிருந்தேன். அவளை வாட்டியது தனிமைகூட அல்ல, கார் ஓட்டத் தெரியாததுதான். ஷேர் ஆட்டோவோ டவுன் பஸ்ஸோ இல்லாத இடத்தில், பால் வாங்கக்கூடக் கணவர் வரும்வரை காத்திருந்தாள். ஆகவே உங்கள் மகள் புறப்படுமுன் இங்கேயே கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்துவிடட்டும். அங்கும் சாலையின் இடப்பக்கம்தான். அந்திக்குப் பின் கங்காரு குறுக்கே பாயும் என்பதால் அந்த நேரப் பயணத்தைத் தவிர்ப்பது நல்லது.

இன்னொன்று: மருமகனின் விசா எந்த வகை என்று கேளுங்கள். 491 எனப்படும் ஐந்தாண்டு விசாவானால், சிட்னிக்கு வெளியே அதற்கென வகுத்த பகுதிகளில் வாழவேண்டும் என்பதே நிபந்தனை. மூன்றாண்டுக்குப் பின்னரே நிரந்தர வசிப்புரிமைக்கு மனுச்செய்ய முடியும். அப்படியானால் சிட்னி என்ற பேச்சுக்கே இப்போது இடமில்லை.

கேள்வி: அங்கே நிலம் வாங்கினால் வாய்க்கால் தண்ணீர் கூடவே வருமா?
– ஒரு வாசகர், வாடிப்பட்டி.

பதில்: வராது. அங்கே நீருரிமை நிலத்தோடு ஒட்டியதல்ல. தனியாக விற்கலாம், வாங்கலாம். அணையின் இருப்பைப் பார்த்து, உரிமையில் இத்தனை சதவீதம் என்று அந்தந்தப் பருவத்தில் ஒதுக்குவார்கள். பழத்தோட்டக்காரர் வைத்திருக்கும் முன்னுரிமை வகைக்கே முதலில் கிடைக்கும். நெல்காரரின் பொது வகைக்கு எஞ்சியதுதான். 2019, 2020 வறட்சியில் நெல் விளைச்சல் அடியோடு சரிந்தது அதனால்தான். நிலப்பத்திரத்தோடு நீருரிமைப் பத்திரத்தையும், அது எந்த வகை என்பதையும் கேட்டு வாங்கிப் பாருங்கள்.