நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தது – கடிதம்

அன்புள்ள சார்,

நான் வட கரோலினாவில் மென்பொருள் துறையில் இருக்கிறேன். அமெரிக்கக் கல்லூரிகளில் கறுப்பின மாணவர்கள் இவ்வளவு பேர் பாதியில் நின்றுவிடுவது ஏன் என்று நண்பர்களுக்குள் ஒரு வாக்குவாதம். இனத்துக்காகச் சலுகை கொடுத்து, தகுதி பார்க்காமல் சேர்த்தால் இப்படித்தான் ஆகும் என்பது என் கட்சி. நாங்களும் இங்கே எம்.எஸ். படிக்க வந்தவர்கள்தான். ஒரே வீட்டில் நாலு பேர், கையில் காசு கிடையாது, ராத்திரி பகலாகச் சேர்ந்து உட்கார்ந்து படித்தோம், யாரும் எங்களைக் கைதூக்கி விடவில்லை. இப்போது நான் படித்த பல்கலைக்கழகம் இந்த மாணவர்களின் ஸ்காலர்ஷிப்புக்கு நன்கொடை கேட்டு மெயில் அனுப்பியிருக்கிறது. கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் சொல்வது சரியென்றால், அந்தச் சலுகை தேவைப்பட்ட, இடம் கிடைப்பதே குதிரைக்கொம்பாக இருக்கும் கல்லூரிகளில்தான் அதிகம் பேர் பாதியில் போயிருக்க வேண்டும். நடப்பது நேர்மாறு. ஹார்வர்டில் சேரும் கறுப்பின மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் பட்டம் வாங்கிக்கொண்டுதான் வெளியே வருகிறார்கள். நாடு முழுக்க எடுத்தால், 2010-ல் நான்காண்டுக் கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் ஆறு ஆண்டுக்குள் முடித்தவர்கள் வெள்ளையரில் 64 சதவீதம், கறுப்பினத்தவரில் 40. அந்த 40-ஐக் கீழே இழுப்பவை, விண்ணப்பித்தவர்களில் பெரும்பாலோரைச் சேர்த்துக்கொள்கிற, கையில் காசில்லாத கல்லூரிகள். அங்கே சேர இனச் சலுகை எதுவும் தேவையே இல்லை. 2023-ல் உச்ச நீதிமன்றம் சேர்க்கையில் இனம் பார்ப்பதை நிறுத்தச் சொன்னதே, அதனாலும் இந்தக் கல்லூரிகளில் பெரிதாக எதுவும் மாறப்போவதில்லை.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்ட ஒரு விஷயம், சேர்ந்து உட்கார்ந்து படித்தது. 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற கணித ஆய்வு மாணவருக்கு இதே கேள்வி வந்தது. கால்குலஸ் வகுப்பில் கறுப்பின மாணவர்கள் ஏன் தோற்கிறார்கள்? ஆசிரியர்களைக் கேட்டால் ஊக்கம் இல்லை, பள்ளியில் அடித்தளம் சரியில்லை, வீட்டில் அக்கறை இல்லை, வறுமை என்று வழக்கமான பதில்கள். அவர் கறுப்பின மாணவர்கள் 20 பேர், சீன வம்சாவளி மாணவர்கள் 20 பேர் என்று எடுத்துக்கொண்டு, அவர்கள் படிக்கும் இடத்துக்கே போய்ப் பார்த்தார். ஆசிரியர்கள் சொன்ன காரணம் ஒன்றும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்கள் சொன்னபடி உழைத்தார்கள், ஆனால் 20 பேரில் 18 பேர் தனியாகவே படித்தார்கள். பள்ளியில் சுற்றியிருந்தவர்கள் இழுத்த இழுப்புக்குப் போகாமல் தனியாக உட்கார்ந்து படித்ததால்தான் பெர்க்லி வரைக்கும் வர முடிந்தது, அதே பழக்கம் இங்கே காலை வாரிவிட்டது. சீன மாணவர்கள் வீட்டுக்கணக்கைத் தனியாகப் போட்டுவிட்டு அப்புறம் கூடி உட்கார்ந்து ஒருவர் விடையை இன்னொருவர் சரிபார்த்தார்கள், எல்லோருக்கும் வராத கணக்கென்றால் கணக்குதான் கடினம், தான் மக்கு இல்லை என்று ஒவ்வொருவனுக்கும் தெரிந்தது. ட்ரைஸ்மன் அதன்பின் தொடங்கிய பயிற்சி வகுப்பில் பின்தங்கியவர்களுக்கான எளிய பாடம் எதுவும் இல்லை, வகுப்பில் கொடுப்பதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்துக் கூட்டாகப் போடவைத்தார். வந்தவர்களின் மதிப்பெண் ஏறியது.

நாலு பேர் ஒரு வீட்டில் இருந்தீர்கள் என்கிறீர்களே, அதுதான் உங்களைக் கைதூக்கிவிட்டது. எந்தப் பேராசிரியரிடம் எந்தப் பாடம் எடுக்கக் கூடாது, எந்தப் படிவத்தை எந்தத் தேதிக்குள் கொடுக்க வேண்டும் என்று சொல்ல ஒரு சீனியர் இருந்திருப்பார். பழைய கேள்வித்தாளும் அவர் தந்ததாகத்தான் இருக்கும்.

இன்னொன்று பணம். அட்லாண்டாவில் உள்ள ஜார்ஜியா ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் 2003-ல் ஆறு ஆண்டுக்குள் பட்டம் வாங்கியவர்கள் 32 சதவீதம். பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அது 54 ஆனது, கறுப்பின, ஹிஸ்பானிக் மாணவர்களுக்கும் மற்றவர்களுக்கும் இடையிலிருந்த வித்தியாசமும் போய்விட்டது. என்ன செய்தார்கள்? ஒவ்வொரு செமஸ்டரிலும் கட்டணப் பாக்கிக்காக ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் பெயரை வகுப்புகளிலிருந்து அடித்துக்கொண்டிருந்தார்கள். யார் எவ்வளவு பாக்கி என்று பார்த்தால், நாலு வருஷம் ஓட்டிவிட்டுக் கடைசியில் சில நூறு டாலரில் மாட்டிக்கொண்டவர்கள் அதில் ஏராளம். 2011 முதல், விண்ணப்பம்கூடக் கேட்காமல், சராசரியாகச் சுமார் 900 டாலரைக் கணக்கில் போட்டு அவர்களை உள்ளேயே வைத்துக்கொண்டார்கள். 2012-ல் மதிப்பெண், பாடத்தேர்வு போன்றவற்றைக் கணினி தினமும் பார்த்து எச்சரிக்கும் ஏற்பாடு வந்தது. கணினி வெறுமனே மணியடிக்கும், அவ்வளவுதான். மாணவரைக் கூப்பிட்டுப் பேச 42 ஆலோசகர்களைப் புதிதாக வேலைக்கு எடுத்தார்களே, அதைப் பலரும் வசதியாக மறந்துவிடுகிறார்கள். இதெல்லாம் எல்லா மாணவர்களுக்குமான ஏற்பாடு. மெத்தை இல்லாதவர்கள்தான் விழும்போது அடிபடுகிறார்கள், அதனால் பலனும் அவர்களுக்கே அதிகம் போனது.

மென்பொருளை நம்பி ஆளை விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் உதாரணம் உண்டு. 2021-ல் மார்க்அப் என்ற செய்தித்தளம், சில பெரிய பல்கலைக்கழகங்கள் மாணவர் தேறுவாரா என்று கணிக்கும் மென்பொருளில் இனத்தையே ஒரு அளவுகோலாக வைத்திருப்பதை அம்பலப்படுத்தியது. தேறமாட்டார் என்ற சிவப்பு விளக்கு, வெள்ளை மாணவர்களைவிடக் கறுப்பின மாணவர்களின் பெயருக்குப் பக்கத்தில்தான் அதிகம் எரிந்தது. அதைப் பார்க்கிற ஆலோசகர், பொறியியல் வேண்டாம், வேறு ஏதாவது சுலபமானதாக எடு என்று சொல்ல எவ்வளவு நேரமாகும்?

சரி, உங்கள் நன்கொடை. கொடுங்கள். ஆனால் புதிதாகச் சேருகிறவர்களுக்கான ஸ்காலர்ஷிப்புக்கு வேண்டாம், அதற்குப் பெயர் போட்டுக் கொடுக்க நிறையப் பேர் இருக்கிறார்கள். மூன்றாம், நான்காம் ஆண்டு மாணவர்களின் கட்டணப் பாக்கிக்கென்று தனி நிதி இருக்கிறதா என்று கேளுங்கள். போன செமஸ்டரில் ஆயிரம் டாலருக்குக் குறைவான பாக்கிக்காக எத்தனை பேர் பெயரை அடித்தீர்கள் என்றும் அந்த மெயிலுக்கே பதில் போட்டுக் கேளுங்கள். எண்ணைச் சொன்னால் செக்கை அனுப்புங்கள். அப்படி ஒரு கணக்கே வைத்திருக்கவில்லை என்று பதில் வந்தால், பழைய மாணவர் என்ற முறையில் முதலில் அதை எடுக்கச் சொல்லி எழுதுங்கள்.