அடுத்த பாகமும் பழைய பெட்டியும்

மதிப்பிற்குரிய ஐயா,

காவேரிப்பட்டணத்தில் பன்னிரண்டு ஆண்டுகளாகக் கைபேசிக் கடை நடத்தி வருகிறேன். எனக்குச் சரக்கு தரும் மொத்த வியாபாரி, வருகிற நவம்பரில் ஜிடிஏ 6 என்னும் விளையாட்டு வெளியானால், அதை ஆடுவதற்கான பிளேஸ்டேஷன் 5 பெட்டி எங்கும் கிடைக்காது என்றும், இப்போதே பத்துப் பெட்டிகளை எடுத்து வைத்துக்கொள்வது நல்லது என்றும் விடாமல் சொல்லி வருகிறார். ஐந்து லட்சத்துக்குக் குறையாமல் முடங்கும். பெயர்பெற்ற விளையாட்டின் அடுத்த பாகம் வந்தால் கன்சோல் என்னும் இந்த விளையாட்டுப் பெட்டிகளின் விற்பனை உயரும் என்று என் அக்காள் மகனும் அடித்துச் சொல்கிறான். அது மெய்தானா? இதற்கு முன் அப்படி நடந்திருக்கிறதா? தங்கள் கருத்தை அறிய விரும்புகிறேன்.

தங்கள் வாசகன்,
காவேரிப்பட்டணம்

அன்புள்ள நண்பருக்கு,

விற்பனை உயரும் என்பது மெய்தான். எவ்வளவு உயரும், எத்தனை நாள் நிற்கும், யாருடைய கடையில் உயரும் என்ற மூன்று கேள்விகளையும் மொத்த வியாபாரி உங்களிடம் எழுப்பியிருக்க மாட்டார். உங்கள் ஐந்து லட்சம் அவற்றில்தான் இருக்கிறது.

அளந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பிங்கென், ஸ்ட்ரெமெர்ஷ் என்னும் இரு ஆய்வாளர்கள் அமெரிக்கக் கன்சோல் சந்தையை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட கட்டுரையில், மிகப் பெரிய வெற்றி பெறும் ஒரு விளையாட்டு, ஐந்து மாத காலத்தில் கன்சோல் விற்பனையைச் சராசரியாக 14 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1,67,000 பெட்டிகள் அளவுக்கு உயர்த்துகிறது என்று கண்டார்கள். அந்த விளையாட்டை வாங்குபவர்களில் ஐவரில் ஒருவர் கன்சோலையும் சேர்த்து வாங்குகிறார் என்பது அவர்களுடைய இன்னொரு முடிவு. எனக்கு 14 விழுக்காட்டைவிட இந்தக் கணக்குதான் முக்கியமாகப் படுகிறது. மற்ற நால்வரின் வீட்டிலும் பெட்டி ஏற்கெனவே இருக்கிறது. அடுத்த பாகத்துக்காகக் காத்திருப்பவர்கள் பெரும்பாலும் முந்தைய பாகத்தை ஆடியவர்கள். முந்தையதை ஆடியவரிடம் ஆடுவதற்கு ஒரு பெட்டி இருந்திருக்கத்தானே வேண்டும்? ஆகவே, புதிய பாகம் அந்தப் பழைய பெட்டியில் ஓடுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்பேன்.

இதை நான் நேரில் கண்டது தருமபுரிப் பேருந்து நிலையத்தின் அருகே இருந்த ஒரு கணினி மையத்தில். அங்கே பள்ளிப் பிள்ளைகள் மாலை நேரங்களில் மணிக்கணக்குக்குப் பணம் கொடுத்து ஜிடிஏ வைஸ் சிட்டி ஆடுவார்கள். அதற்கு 128 எம்பி ரேம் போதும். 2005இல் அதே வரிசையின் சான் ஆண்ட்ரியாஸ் கணினிக்கு வந்தபோது, குறைந்தது 256 எம்பி வேண்டும் என்றது. மைய உரிமையாளர் ஒரு வாரம் முனகிவிட்டு, இரண்டு கணினிகளுக்கு மட்டும் ரேம் கூட்டி, அந்த இரண்டுக்கும் மணிக்கு ஐந்து ரூபாய் அதிகம் வைத்தார். விளையாட்டின் குறுந்தட்டு எங்கிருந்து வந்தது என்று அன்று யாரும் கேட்டதில்லை. விளையாட்டை உருவாக்கியவர்களுக்கு எங்கள் ஊரிலிருந்து ஒரு காசும் போயிருக்காது. ரேம் விற்றவருக்குப் போனது. வைஸ் சிட்டி ஓடிய கணினியிலேயே சான் ஆண்ட்ரியாஸும் ஓடியிருந்தால் அவருக்கும் போயிருக்காது.

கன்சோல்களின் கதையும் பெரிதும் இப்படித்தான். 2007 செப்டம்பர் 25 அன்று ஹாலோ 3 என்னும் விளையாட்டு வெளிவந்தது. முந்தைய பாகம் மைக்ரோசாஃப்டின் பழைய எக்ஸ்பாக்ஸ் கன்சோலில் வந்தது; இதுவோ அதற்கு அடுத்த கன்சோலான எக்ஸ்பாக்ஸ் 360இல் மட்டுமே. அமெரிக்காவில் அந்த ஆகஸ்டில் 2 லட்சத்து 77 ஆயிரமாக இருந்த 360இன் விற்பனை, செப்டம்பரில் 5 லட்சத்து 28 ஆயிரமாகி, அப்போது யாராலும் நெருங்க முடியாதிருந்த நின்டெண்டோவின் வீ கன்சோலையே அந்த ஒரு மாதம் முந்தியது. அக்டோபரில் 3 லட்சத்து 66 ஆயிரமாக இறங்கியது. வீ மறுபடி முன்னே போய்விட்டது. ஆகஸ்ட் தொடக்கத்தில் மைக்ரோசாஃப்ட் விலையை 50 டாலர் குறைத்திருந்ததையும் மறக்கக் கூடாது. ஏற்றத்தில் எவ்வளவு விளையாட்டினுடையது, எவ்வளவு விலைக் குறைப்பினுடையது என்று பிரித்துச் சொல்ல எந்தத் தராசும் இல்லை.

இதற்கு நேர் மாறானது நின்டெண்டோவின் செல்டா விளையாட்டு வரிசை. 2017 மார்ச்சில் நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலும் அந்த வரிசையின் பிரெத் ஆஃப் தி வைல்டும் ஒரே நாளில் வந்தன. அந்த மாதம் அமெரிக்காவில் விற்ற ஸ்விட்ச் 9,06,000. அந்தக் கன்சோலுக்கான பிரெத் ஆஃப் தி வைல்ட் பிரதிகளோ 9,25,000க்கும் மேல். பெட்டி கிடைக்குமுன்பே விளையாட்டை வாங்கி வைத்தவர்களும், சேகரிப்பதற்கென்று இரண்டாவது பிரதி வாங்கியவர்களும் உண்டு. அதன் அடுத்த பாகமான டியர்ஸ் ஆஃப் தி கிங்டம் 2023 மே மாதம் வந்தபோது மூன்று நாளில் ஒரு கோடிப் பிரதிகள் போயின. ஜூன் முடிவதற்குள் 1 கோடியே 85 லட்சம். அந்தக் காலாண்டில் ஸ்விட்ச் விற்பனை முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட எவ்வளவு கூடியது தெரியுமா? 34.3 லட்சத்திலிருந்து 39.1 லட்சம். ஐந்து லட்சம்கூட இல்லை. அதிலும் அப்போது ஓடிக்கொண்டிருந்த மாரியோ திரைப்படத்துக்கும் பங்கு உண்டு என்று நின்டெண்டோவே சொன்னது. அந்த நிதியாண்டு முழுவதையும் எடுத்துக்கொண்டால் விற்பனை 1 கோடியே 80 லட்சத்திலிருந்து 1 கோடியே 57 லட்சமாக இறங்கியிருந்தது. வேண்டியவர்கள் எல்லோரிடமும் ஸ்விட்ச் ஆறு ஆண்டுகளாக இருந்தது. புதிய பாகமும் அதிலேயே ஓடியது. பிறகு எதற்காக வாங்குவார்கள்?

அப்படியென்றால் பழைய பெட்டியில் ஓடாமல் செய்துவிட்டால் போதுமா என்று கேட்பீர்கள். போதாது என்பதற்கு வீக்கு அடுத்து வந்த வீ யூ கன்சோல் சாட்சி. வீ கன்சோல் பத்துக் கோடிக்கு மேல் விற்றது. அதில் ஓடிய மாரியோ கார்ட் வீ என்னும் விளையாட்டு 3 கோடியே 70 லட்சத்தைத் தாண்டியது. 2014 மே மாதம் மாரியோ கார்ட் 8 வந்தபோது அது வீயில் ஓடாது, வீ யூ வாங்கித்தான் ஆக வேண்டும். வாங்கினார்களா? முந்தைய ஆண்டு அதே காலாண்டில் 1.6 லட்சமாக இருந்த விற்பனை 5.1 லட்சமாயிற்று. மும்மடங்கு என்று சொன்னால் பெரிதாகத் தெரியும். அந்தக் கன்சோல் தன் ஆயுள் முழுவதும் விற்றது 1 கோடியே 36 லட்சம்தான். பழைய பாகத்தை ஆடிய மூன்றே முக்கால் கோடிப் பேரில் பெரும்பாலோர் அந்தப் பக்கமே வரவில்லை. அதே விளையாட்டைச் சற்று மெருகேற்றி 2017இல் ஸ்விட்சுக்குக் கொடுத்தபோது ஆறு கோடிக்கு மேல் போயிற்று. பெட்டியின் மீது ஏற்கெனவே ஆசை இருந்தால் விளையாட்டு அந்தப் பெட்டியை இந்த மாதமே வாங்கவைக்கும். ஆசையே இல்லாத இடத்தில் அதனால் அதிகம் செய்துவிட முடியாது.

இனி உங்கள் நவம்பருக்கு வருகிறேன். 2013 செப்டம்பரில் ஜிடிஏ 5 வெளிவந்து மூன்றே நாளில் நூறு கோடி டாலர் ஈட்டியபோது, அது ஓடிய பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 இரண்டும் பல ஆண்டுகளாகக் கோடிக்கணக்கான வீடுகளில் இருந்தவை. ஆகவே அது பெட்டிகளைப் பெரிதாகத் தள்ள வேண்டியிருக்கவில்லை. ஜிடிஏ 6 அப்படியல்ல. அது பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் ஆகியவற்றுக்கு மட்டுமே அறிவிக்கப்பட்டிருக்கிறது. கணினிப் பதிப்பைப் பற்றிய அறிவிப்பு இல்லை. முந்தைய பெட்டியான பிளேஸ்டேஷன் 4இல் அது ஓடாது. 2024இல் பிளேஸ்டேஷனைத் தயாரிக்கும் சோனி வெளியிட்ட கணக்கின்படி பிளேஸ்டேஷன் பயனாளர்களில் ஏறத்தாழ பாதிப்பேர் அப்போதும் பிளேஸ்டேஷன் 4இலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள். இத்தனை பேர் பழைய பெட்டியோடு வாசலில் நிற்கும்போது ஒரு பெரிய அடுத்த பாகம் வருவது அரிது. உலக அளவில் விற்பனை கூடும், 14 விழுக்காட்டுக்கு மேலும் கூடலாம் என்பதே என் எண்ணம்.

ஆனால் விலை இந்த முறை எதிர்த்திசையில் நிற்கிறது. 2000இல் அமெரிக்காவில் 299 டாலருக்கு வந்த பிளேஸ்டேஷன் 2, 2004 அக்டோபரில் சான் ஆண்ட்ரியாஸ் வந்தபோது 149 டாலராகியிருந்தது. வயதான பெட்டி மலிவாகும், அப்போது தயங்கியவர்களும் வருவார்கள் என்பது அந்தக் காலத்து வழக்கம். 2021 பிப்ரவரியில் நம் நாட்டுக்கு 49,990 ரூபாய்க்கு வந்த பிளேஸ்டேஷன் 5 மறு ஆண்டே 54,990 ஆனது. அமெரிக்காவிலும் 2025இல் 50 டாலர் கூட்டினார்கள். தேதியையும் நம்ப முடியாது: முதலில் 2025 என்றார்கள், பிறகு 2026 மே 26, பிறகு நவம்பர் 19. இன்னொரு முறை தள்ளிப்போனால் மொத்த வியாபாரி பெட்டிகளைத் திருப்பி எடுத்துக்கொள்வாரா என்பதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள்.

காவேரிப்பட்டணத்தில் யார் வாங்குவார்கள் என்பதையும் எண்ணிப் பார்த்தேன். நம் பக்கத்துப் பிள்ளைகள் ஆடுவது கைபேசியில். அதை உங்களைவிட அறிந்தவர் இல்லை. கன்சோல் வாங்கக் கூடியவர்கள் ஓசூர்த் தொழிற்சாலைகளிலும் பெங்களூர் அலுவலகங்களிலும் வேலை பார்த்துவிட்டு வார இறுதியில் ஊர் திரும்புபவர்கள். அவர்கள் ஐம்பதாயிரத்தைத் தாண்டிய ஒரு பொருளை வட்டியில்லாத் தவணையில் இணையத்தில் வாங்குவார்கள், அல்லது பெங்களூரிலேயே வாங்கிக்கொண்டு பேருந்து ஏறுவார்கள். உலகம் முழுவதும் கூடுகிற விற்பனையில் உங்கள் கடைக்கு வருவது, அவசரத்தில் அன்றே வேண்டும் என்று நிற்கும் ஓரிருவர்தான். பெட்டியில் கடைக்காரருக்கு நிற்கும் லாபம் மிகக் குறைவு என்பதும் உங்களுக்குத் தெரிந்ததே.

ஆகையால் பத்து வேண்டாம், இரண்டு போதும் என்பேன். மற்றவற்றை முன்பணம் வாங்கிக்கொண்டு வரவழைத்துக் கொடுங்கள். பழைய பிளேஸ்டேஷன் 4ஐ மாற்றிக்கொள்ள வருபவர்களுக்கு ஒரு விலை வைத்து, அதைத் துடைத்துச் சரிபார்த்து, முதல்முறை வாங்கும் பள்ளிப் பிள்ளைகளின் வீடுகளுக்கு விற்க முடிந்தால் புதிய பெட்டியைவிட அதில் கூடுதலாகக் கிடைக்கும். கூடுதல் கன்ட்ரோலர்கள் நான்கைந்து இருக்கட்டும்.

உங்கள் அக்காள் மகன் முன்பணம் கொடுத்துவிட்டாரா என்பதை மட்டும் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அன்புடன்,
தருமபுரி